நிழல்ல ஓடுனாலும் சூடுதான்: வெயில் காலமும் எங்க வீட்டு ரெண்டு கிரேஹவுண்டும்

வெயில் காலம் வந்துடுச்சுன்னு எங்க வீட்ல யாரும் காலண்டர பாக்க வேண்டியதில்ல. எங்க நாய் சட்டி சோபாவ விட்டு இறங்கி பாத்ரூம் வாசல்ல நாலு காலையும் நீட்டி படுத்தான்னா வந்துடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு பாத்ரூமுக்கு போறவங்க எல்லாரும் அவன தாண்டித்தான் போகணும், அவன் ஒரு இன்ச் நகர மாட்டான்.

சட்டிக்கு 4 வயசு, அடிப்பிடிச்ச சட்டி மாதிரி கருப்பு, அதான் பேரு. கூட ராணி இருக்கா, 9 வயசு, வெள்ளையில அங்கங்க பழுப்பு திட்டு, வயித்துல முடியே கிடையாது, ரோஸ் கலர்ல அப்படியே தோல் தெரியும். ரெண்டு பேருமே கிரேஹவுண்டு, வேகமா ஓடுற ஒல்லியான வேட்டை நாய் ஜாதி, பந்தயத்துல ஓடி ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தவங்க. ரெண்டு பேரையும் வச்சு இத்தன வெயில் காலம் ஓட்டுனதுல, முக்கியமா ஒரே ஒரு நாள் சாயங்காலம் நான் பண்ண முட்டாள்தனத்துல, கத்துக்கிட்டத எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல நான் எப்படி நெனச்சிட்டு இருந்தேன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு இன்னும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஒல்லியான நாய், கொழுப்பே இல்ல, முடி ஒரே லேயர்தான், உள்முடி கிடையாது, மூஞ்சியும் நீளமா இருக்கு, சப்ப மூக்கு பிரச்சன இல்ல, அப்போ மத்த நாய விட இதுக்கு வெயில் ஈஸின்னு நெனச்சேன். முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது, சும்மா படுத்திருக்குற வரைக்கும் அது ஓரளவுக்கு சரிதான். பிரச்சன எங்கன்னா அந்த உடம்புல கொழுப்புக்கு பதிலா இருக்குறது பூரா சதை. சதை வேலை செஞ்சா சூடு வரும், ஓடுறதுக்கு செலவாகுற சக்தியில பெரும் பங்கு ஓட்டமா மாறாது, சூடாத்தான் மாறும். மணிக்கு 70 கிலோமீட்டர் கிட்ட ஓடுற பிராணி, கெளம்புன கொஞ்ச எட்டுலயே ஃபுல் ஸ்பீடு புடிக்கிற பிராணி, ஒரு தாவலுக்கு ரெண்டு தடவ நாலு காலும் தரைய விட்டு மேல இருக்கும், அப்படி முப்பது செகண்ட் ஓடுனா உள்ள எவ்ளோ சூடு உண்டாகும்னு யோசிச்சு பாருங்க. நாய்க்கு சாதாரணமா உடம்பு சூடு 38ல இருந்து 39 டிகிரி கிட்ட இருக்கும், ஒரு ரேஸ் ஓடி முடிச்ச கிரேஹவுண்டுக்கு 41 வரைக்கும் போறது புதுசு இல்ல. ரேஸ் நாயா ட்ரெயினிங்ல இருக்குறப்போ அத சமாளிக்கும், உடனே தண்ணிய ஊத்தி குளிர வைக்க ஆளும் பக்கத்துலயே நிப்பாங்க. வருஷம் முழுக்க சோபாவுல கெடந்துட்டு திடீர்னு ஒரு நாள் ஓடுற எங்க வீட்டு துரைக்கு ரெண்டுமே கெடையாது.

2020ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, ராயல் வெட்னரி காலேஜ் ஆளுங்களும் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் யுனிவர்சிட்டி ஆளுங்களும் சேந்து 9 லட்சத்துக்கு மேல நாய்களோட வெட் (கால்நடை டாக்டர்) ரெக்கார்ட எடுத்து பாத்தது. ஹீட் ஸ்ட்ரோக் ஆபத்து அதிகம் உள்ள லிஸ்ட்ல புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக், பக்னு நாம எதிர்பாக்குற சப்ப மூக்கு கோஷ்டி எல்லாம் இருக்கு, அதுங்களோட சேந்து நம்ம கிரேஹவுண்டும் நிக்குது, லாப்ரடாரோட ஒப்பிட்டா சுமார் நாலு மடங்கு ஆபத்து. அத படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அதே ஆளுங்க பண்ண இன்னொரு கணக்குல, காருக்குள்ள மாட்டிக்கிட்டு வர்ற கேஸ விட நடந்து ஓடி விளையாடி வர்ற கேஸ்தான் ரொம்ப ரொம்ப அதிகம், நாலுல மூணு பங்கு கிட்ட. கார்ல நாய விட்டுட்டு போகாதீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், நானும் விட்டதில்ல, விடவும் கூடாது, ஆனா பந்து தூக்கி போடுறத யாரும் ஆபத்துன்னு சொல்லித் தந்ததில்ல.

இப்ப அந்த சாயங்காலம். ரெண்டு நாளா நல்ல வெயில், அன்னிக்கு மத்தியானம் ஒரு சின்ன மழை பெஞ்சு விட்டுச்சு. வானம் பூரா மேகம், வெயிலே இல்ல, தரை ஈரம். ஆஹா இதான் சான்ஸ், பாவம் ரெண்டு நாளா வீட்டுக்குள்ளயே கெடக்குறான்னு சட்டிய கூட்டிக்கிட்டு வேலி போட்ட மைதானத்துக்கு போனேன், அம்மாவும் சும்மா காத்து வாங்க வந்தாங்க. காத்து எங்க இருந்துச்சு, ஒரே புழுக்கம், சட்டை முதுகோட ஒட்டுது, அதுவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, பாதத்துல லேசா வேர்க்கும் அவ்ளோதான், மத்ததெல்லாம் நாக்க தொங்கப்போட்டு இரைக்கிறதுலதான் சூடு வெளிய போகணும், அந்த ஈரம் ஆவியாகணும்னா காத்து காஞ்சிருக்கணும். புழுக்கத்துல எவ்ளோ இரைச்சாலும் அந்த ஈரம் சரியா ஆவியாகாது. அதாவது வெயில் இல்லாத அந்த சாயங்காலம் அவனுக்கு காஞ்ச வெயில் நாள விட மோசமா இருந்துருக்கு.

லீஷ அவுத்தேன், பொம்மைய தூக்கி போட்டேன். ஒரு ரவுண்டு. திரும்ப வந்து என் முன்னாடி குனிஞ்சு இன்னொண்ணு போடுன்னு நிக்கிறான். ரெண்டு. மூணாவது ரவுண்டுல வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ பூனை போயிருக்கு போல, அத பாத்துட்டு வேலி நீளத்துக்கு போறான் வர்றான் போறான் வர்றான், நான் கூப்ட கூப்ட காதுலயே வாங்கல. கண்ணால பாத்து தொரத்துறதுக்குன்னே நூத்துக்கணக்கான வருஷமா வளத்து எடுத்த ஜாதி, அது தொரத்த ஆரம்பிச்சா எனக்கு முடியலன்னு நிக்காது, நிக்குற ஸ்விட்ச்சே அதுக்குள்ள வைக்கல. ஒரு வழியா வந்து நின்னான். அம்மாதான் முதல்ல பாத்தாங்க. "டேய், அவன் நாக்கப் பாருடா, என்னடா இப்படி அகலமா இருக்கு"ன்னாங்க. பாத்தா நாக்கு நுனி கரண்டி மாதிரி விரிஞ்சு மேல மடங்கியிருக்கு, ஈறு செங்கல் கலர்ல இருக்கு, எச்சில் கயிறு மாதிரி கெட்டியா தொங்குது. "ஒண்ணும் இல்லம்மா, ஓடுனான்ல, இரைக்கிறான்"னேன். சொல்லி வாய மூடல, பின்னங்கால் ரெண்டும் குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா சாயுது.

அம்மா எதையும் கேக்கல, கையில இருந்த குடி தண்ணி பாட்டில தொறந்து அவன் மேல ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. நான் உடனே கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு போலாம்னு லீஷ தேடுறேன். வெட்டுக்கு போன் போட்டா அவங்க சொன்ன முதல் வார்த்த "கெளம்பாதீங்க தம்பி, முதல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம் கெளம்புங்க". மைதானத்துல குழாய் இருந்தது, அது எங்க அதிர்ஷ்டம். ட்யூப மாட்டி கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடை இடுக்குன்னு நிக்காம ஊத்துனோம், அம்மா துப்பட்டாவ வச்சு விசிறிக்கிட்டே இருந்தாங்க. ஒரு பத்து நிமிஷத்துல இரைப்பு கொஞ்சம் அடங்குச்சு, எழுந்து நின்னான், அப்புறம்தான் கார்ல ஏத்தி ஏசிய ஃபுல்லா வச்சு கெளம்புனோம். அங்க போய் பாத்தப்பவும் 40க்கு மேல இருந்துச்சு. ஊத்தாம அப்படியே கொண்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

இதுல நான் தப்பா கேள்விப்பட்டு வச்சிருந்தது ரெண்டு. ஒண்ணு, ஈரத்துண்ட மேல போத்திவிடணும்ங்கறது. போத்திவிட்டா கொஞ்ச நேரத்துல அந்தத் துண்டே சூடாகி கம்பளி மாதிரி சூட்ட உள்ளயே புடிச்சு வச்சிக்கும், அதனால போத்தாதீங்க, ஊத்துங்க, காத்து படுற மாதிரி வைங்க. ரெண்டாவது, பச்சத்தண்ணி ஊத்துனா அதிர்ச்சியாயிடும், வெதுவெதுப்பாத்தான் ஊத்தணும்ங்கறது. உசுருக்கு ஆபத்தா இருக்கப்போ தண்ணிய கையில வச்சிக்கிட்டு சூடு பாத்துட்டு இருக்க வேணாம், நாய் உடம்ப விட குளிர்ச்சியா இருக்குற எந்த தண்ணியும் ஓகே. வயசான நாயோ வேற நோய் உள்ள நாயோ இருந்தா அப்படியே தண்ணிக்குள்ள முக்கறத விட நனச்சு ஃபேன் போடுறது பாதுகாப்பு. தெர்மாமீட்டர் இருந்தா 39.5 கிட்ட வந்ததும் ஊத்தறத நிறுத்திடணும், இல்லன்னா அதுக்கும் கீழ போய்க்கிட்டே இருக்கும், கொழுப்பில்லாத உடம்பு இல்லையா, குளிர்றதும் சீக்கிரம் குளிர்ந்துடும். இப்ப கார் டேஷ்போர்டுல ஒரு தெர்மாமீட்டர் டப்பா நிரந்தரமா இருக்கு, பின்னாடி பத்து லிட்டர் கேன் தண்ணி இருக்கு. முன்சீட்ல உக்கார்ற ஃப்ரெண்ட்ஸ் அந்த தெர்மாமீட்டர் எங்க வைக்கிறதுன்னு தெரியாம எடுத்து பாத்துட்டு தெரிஞ்சதும் டக்குனு வச்சிடுவாங்க.

வீட்டுக்கு அனுப்பும்போது வெட் இன்னொண்ணும் சொன்னாங்க, ரெண்டு நாளைக்கு மூத்திரத்தோட கலர பாத்துக்கிட்டே இருங்க, காபி டிகாஷன் மாதிரி கருஞ்செவப்பா வந்தா ராத்திரி எத்தன மணின்னாலும் கூப்டுங்கன்னு. அளவுக்கு மீறி ஓடுனா சதை உள்ளுக்குள்ள நொந்து சிதைஞ்சு அதுல இருக்குறது ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்குமாம், கிரேஹவுண்டுல இது தெரிஞ்ச விஷயம், முதுகு விறைப்பா தொட்டா கத்துறதும் அதோட அறிகுறி. ரெண்டு நாளு டார்ச் அடிச்சிக்கிட்டு சட்டி பின்னாடியே போய் எட்டிப் பாத்தேன். அவன் அதுக்குன்னே செடி செடியா போய் நின்னான்.

சரி, அதுக்கப்புறம் ஓட்டத்த நிறுத்திட்டேனான்னு கேட்டா, இல்ல. ஓடாம வச்சா அது கிரேஹவுண்டே இல்ல, சதை கரையும், வெயிட்டு ஏறும், அது அடுத்த ஆபத்து. மாத்துனது என்னன்னா, எத்தன தடவ ஓடலாம்னு அவன் முடிவு பண்றதில்ல, நான் பண்றேன். சூரியன் எழுறதுக்கு முன்னாடி, ராத்திரி சூடு முழுசா எறங்கின நேரம், அப்போதான் மைதானம். போனதும் லீஷோட பத்து நிமிஷம் நட, அப்புறம் அவுத்து விட்டு ரெண்டே ரெண்டு ஓட்டம், ஒரு ஓட்டம் இருபது முப்பது செகண்ட், நடுவுல இரைப்பு முழுசா அடங்குற வரைக்கும் லீஷ மாட்டி சுத்தி நடக்க வைக்கிறேன். ஓடுனதும் படுக்க விடறதில்ல, மெதுவா நடந்தா உடம்பு சீரா குளிரும். புழுக்கம் இருந்தா அந்த ரெண்டும் கிடையாது, வெறும் நடைதான், மணி விடியக்காலை நாலா இருந்தாலும் சரி. என் சட்டை முதுகோட ஒட்டுதான்னு பாப்பேன், ஒட்டுச்சுன்னா ஓட்டம் கேன்சல். இத விட நல்ல மீட்டர் இதுவரைக்கும் எனக்கு கெடைக்கல.

மைதானத்துக்கு வாய்க்கூடு போட்டு விடறவங்க கூடை மாதிரி இருக்குறதத்தான் போடணும், அதுல வாய முழுசா தொறந்து இரைக்கலாம், தண்ணியும் குடிக்கலாம். துணியில வாய இறுக்கி கட்டுற டைப் இருக்கு பாருங்க, அத வெயில்ல போடுறது நம்ம மூக்க பொத்திட்டு மாடி ஏறச் சொல்ற மாதிரி.

தரைய பத்தி ஒண்ணு. சாயங்காலம் காத்து குளுந்துடுச்சுன்னு நம்பி தார் ரோட்ல எறக்கிடாதீங்க. காத்து 25 டிகிரின்னு போன் காட்டுற நாள்ல கூட நேர் வெயில் படுற தார் 50ஐ தொடும், பொழுது சாஞ்சும் ரொம்ப நேரம் சூட்ட வச்சிக்கிட்டு இருக்கும். புறங்கைய தரையில வச்சு ஏழு செகண்ட் எண்ணுங்க, எடுத்துட தோணுச்சுன்னா நாயும் நடக்க வேணாம். ராணிக்கு இன்னொரு கூத்து, பாதத்துல கால் ஆணி. நாய்க்கா கால் ஆணின்னு நானும் சிரிச்சேன், ஆனா இந்த ஜாதிக்கு அது சகஜமா வர்ற ஒண்ணு, பாதத்துல கொழுப்பு மெத்தை கம்மி, கெட்டி தரையில நடந்தா கல்லு குத்துற மாதிரி நொண்டும். வெயில்ல காஞ்சு இறுகிப்போன மண்ணு அவளுக்கு ரோடு மாதிரியேதான், அதனால புல்லு இருக்குற எடமா தேடித் தேடி நடத்துறேன், கொஞ்ச தூரத்துக்கு நாய்க்குன்னே வர்ற ஷூ மாட்டி பாத்தேன், மாட்டுன எடத்துலயே செலையா நின்னுட்டா, அரை மணி நேரம் நின்னா, நான் தோத்துட்டேன்.

ராணியோட கவல சட்டி கவலைக்கு நேர் எதிர். அவ ஓட மாட்டா, ஆனா வெயில் காயுறதுன்னா உசுரு. ஜன்னல் வழியா தரையில வெயில் விழுற எடத்துல மல்லாந்து வயித்த காட்டிக்கிட்டு படுப்பா, வெயில் நகர நகர அவளும் நகருவா. பாக்க அழகாத்தான் இருக்கும். போன வருஷம் வயித்துல மிளகு சைஸ்ல ரெண்டு செவப்பு புள்ளி வந்துச்சு, வெட் அத கீறி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, வெள்ளத்தோல், முடியில்லாத வயிறு, இதுல வெயில் வருஷக்கணக்கா பட்டா ரத்தக்குழாய் கட்டி வரும், சிலது புத்துநோயாவும் மாறும்னாங்க. அவளுக்கு சாதா கட்டிதான்னு ரிசல்ட் வந்துச்சு, அது வர்ற வரைக்கும் இருந்த வாரத்த பத்தி எழுத இஷ்டமில்ல. இப்ப பத்து மணிக்கு மேல அந்த ஜன்னல்ல ஸ்க்ரீன், வெளிய போனா மெல்லிசான காட்டன் சட்டை, வாரத்துக்கு ஒரு தடவ வயித்த விரலால தடவி பாக்குறேன். சன்ஸ்கிரீன் போடலாம், ஆனா நம்ம டப்பாவ எடுத்து பூசாதீங்க, அதுல ஸிங்க் ஆக்சைடு இருந்தா அவங்க நக்கி உள்ள போய் ரத்தசோகை வரைக்கும் கொண்டு போகும். நாய்க்குன்னே வர்றத வெட் கிட்ட கேட்டு வாங்கிக்குங்க.

கூலிங் கோட்டு ஒண்ணு வாங்குனேன், நனச்சு போட்டு விடறது. காஞ்ச காத்துல அருமையா வேலை செய்யுது, காத்தாட நடக்குறப்போ தொட்டா சில்லுனு இருக்கு. புழுக்கத்துல ஆவியாகாம வெறும் ஈரத்துணியா ஆயிடுது, அப்போ அது மேல சொன்ன துண்டு கதைதான். காஞ்ச உடனே கழட்டிடணும், கருப்பு நாய்க்கு மேல இன்னொரு காஞ்ச துணி வேற எதுக்கு.

தண்ணியில எறக்குறதும் ஒரு வழி. பெரிய பிளாஸ்டிக் டப்ல முழங்கால் அளவு தண்ணி, அவ்ளோதான் எங்களுக்கு. நீச்சல்னு பெருசா ஆசப்பட்டு ஆழத்துல விடாதீங்க, கொழுப்பில்லாத உடம்பு மிதக்காது, பின்பக்கம் கல்லு மாதிரி எறங்கும், விட்டா லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான். முதல் தடவ சட்டி டப்புக்குள்ள நின்னுக்கிட்டு என்ன பாத்த பார்வை, ஏதோ அவன வித்துட்ட மாதிரி. இப்ப டப்ப இழுக்குற சத்தம் கேட்டாலே பாத்ரூம் வாசல விட்டு எழுந்து வர்றான்.

குடிக்கிற தண்ணி கிலோவுக்கு 50, 60 மில்லின்னு ஒரு கணக்கு சொல்வாங்க, 30 கிலோ நாய்க்கு ஒண்ணரை லிட்டர் பக்கம், வெயில்ல அதுக்கு மேலயும் போகும். மூணு எடத்துல கிண்ணம் வச்சிருக்கேன். ஓடிட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, சாப்பாடு ஓட்டத்துக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும், நெஞ்சு ஆழமான ஜாதிக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற அபாயம் எப்பவுமே இருக்கு. வயிறு பந்து மாதிரி வீங்கி வாந்தி வராம ஓங்கரிச்சா உடனே ஆஸ்பத்திரி, காத்திருக்கவே கூடாது.

பகல் நேரத்த ஓட்டுறதுதான் நெஜமா கஷ்டம். பத்து மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஃபேனு, டைல்ஸ் தரை, தூக்கம், இவங்க தூங்குற தூக்கத்துக்கு அது ஒண்ணும் பெரிய தண்டனை இல்லதான், ஆனா ரெண்டு நாளு ஓட்டம் கேன்சல் ஆச்சுன்னா சட்டி என் செருப்பு மேல கண்ணு வச்சிடுவான். அதுக்கு மூக்கு விளையாட்டு புடிச்சேன். பழைய துண்ட சுருட்டி மடிப்புக்குள்ள தீனிய ஒளிச்சு வைக்கிறது, அட்டப்பெட்டிக்குள்ள பேப்பர் கசக்கி போட்டு அதுக்குள்ள ஒளிக்கிறது, உப்பில்லாத எலும்பு சூப்ப ஐஸ் கட்டியா ஒறைய வச்சு தர்றது. கண்ணால வேட்டையாடுற நாய், மூக்கு எல்லாம் வேலை செய்யாதுன்னு ஒருத்தர் சொன்னார். இருபது நிமிஷம் துண்டோட சண்ட போட்டுட்டு ரெண்டு மணி நேரம் அசந்து தூங்குறான், அதனால அவர் சொன்னத நான் பெருசா எடுத்துக்கல.

இன்னொண்ணு, புது வெட் கிட்ட போறவங்களுக்கு. வெயில் காலத்துல நாய் சோர்வா இருக்குன்னு ரத்தம் எடுத்தா சிவப்பணு அளவு 60 சதவீதம்னு வரும், மத்த நாய்க்கு அது உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம். கிரேஹவுண்டுக்கு 50ல இருந்து 65 வரைக்கும் நார்மலே அப்படித்தான், ரத்தம் உறைய உதவுற தட்டணுக்கள் கம்மியா இருக்கும், தைராய்டும் கம்மியா காட்டும். மயக்க மருந்துலயும் சிலத இந்த ஜாதியோட ஈரல் ரொம்ப மெதுவாத்தான் கரைக்கும். கிரேஹவுண்டுங்க, அளவு வேறங்கன்னு நாமளே மெதுவா சொல்லிடறது நல்லது, நல்ல வெட்டுங்க கோச்சிக்க மாட்டாங்க.

இன்னிக்கு காலையில நாலே முக்காலுக்கு போனோம். சட்டை ஒட்டல. ரெண்டு ஓட்டம் ஓடுனான், ரெண்டாவது முடிச்சு வந்து எப்பவும் போல முன்னங்கால மடக்கி குனிஞ்சு வால ஆட்டுறான், இன்னொண்ணு. நான் லீஷ மாட்டுனேன். ராணி அதுக்குள்ள ஈரப்புல்லுல வயிறு படுற மாதிரி தவளையா படுத்துட்டா, அவளயும் கெளப்பி கேட் வரைக்கும் கூட்டிட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சே போச்சு.